இருநூறு கேபி

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாடியில் என் கடை.
கீழே எண்ணெய் மில். கீபோர்டு வரைக்கும்
புண்ணாக்கு வாசம் ஏறியிருக்கும்.
ஜூன் பிறந்தால் பட்டாவும் சிட்டாவும் கேட்க ஆளில்லை,
கட் ஆஃப், கட் ஆஃப், கட் ஆஃப்.

ரூபிணியும் அவள் அம்மாவும் முதலில் வந்தது
சான்றிதழ் ஏற்ற.
நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தாள் அம்மா,
காதோரம் பஞ்சு.
பிளாஸ்டிக் உறையைப் பிரித்து
குழந்தையைக் கொடுப்பதுபோல் நீட்டினாள்:
அருந்ததியர் என்று பச்சை மையில்
தாசில்தார் எழுதிய காகிதம்.
"சுருக்குப் படாமப் பாத்துக்கோங்க சாமி."

சுருக்கித்தான் ஆக வேண்டும்.
இருநூறு கேபிக்கு மேல் இருந்தால் ஏறாது.
எத்தனை தலைமுறை கனத்ததோ அது,
நான் நாலு முறை குறைத்தேன்.
எழுத்து மங்கியது. சாதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ரெண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது.
அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.
உட்காருங்க என்று சொன்னேனா?
ஞாபகமில்லை.
சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என்னிடமும் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது,
பிற்படுத்தப்பட்டோர் என்று.
எங்கள் வீட்டில் அதைச் சலுகை என்று யாரும் சொன்னதில்லை.
அது சர்ட்டிபிகேட். அவ்வளவுதான்.
என் கட் ஆஃப் நூற்று முப்பத்தொன்று.
அதை வைத்து எதுவும் கிடைக்கவில்லை.
அப்பா முத்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னையை விற்று
கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றின்
இரண்டாவது மாடி அறைக்குக் கொண்டுபோனார்.
மஞ்சப்பையை எண்ணினார்கள். என்னை எண்ணவில்லை.
நான்கு வருசத்தில் பதினெட்டு அரியர்.
ஒருத்தர்கூட என்னை, நீ எந்தக் கோட்டா என்று கேட்டதில்லை.
கேட்டது மெஸ்ஸில் எதிரில் உட்கார்ந்த சின்னராசுவை.
கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.
சிரித்தவர்களில் என் வாயும் உண்டு.
அவன் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனான்.

ஜூலையில் ரூபிணி தனியாக வந்தாள்.
நேராக உட்கார்ந்தாள். மவுஸை எடுத்தாள்.
கவர்மெண்ட் ஸ்கூல், நூற்றுத் தொண்ணூற்றாறரை.
நான் எட்டிப் பார்த்து,
பெரிய காலேஜை முதல்ல போடு,
உனக்குத்தான் ஏழரை பர்சன்ட் இருக்கே,
உள் ஒதுக்கீடு வேற இருக்கே என்றேன்,
என் கையால் எடுத்துக் கொடுப்பவன்போல.
அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"ஓப்பன்லயே வந்துருங்கண்ணா.
போன வருசம் எங்க முடிஞ்சுதுன்னு பாத்துட்டேன்.
வரலைன்னா அதுல வரும். அதுவும் என்றதுதானுங்களே."

எழுபத்திரண்டு கல்லூரி.
ஒவ்வொரு குறியீட்டையும் நோட்டோடு ஒப்பிட்டாள்.
ஓரிடத்தில் நான் அடித்த எண் தப்பு,
அவளே திருத்தினாள்.
பிரிண்ட் எவ்வளவு என்று கேட்டு
இருபது ரூபாய்க்குச் சில்லறை பொறுக்கி வைத்தாள்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது.
எதற்கு வேண்டாம் என்று யோசித்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்து, ரைஸ் மில்காரர். கூட மகன் நிதர்சன்.
நாமக்கல் ஹாஸ்டலில் ரெண்டு வருசம்,
பையன் வெயிலே பார்க்காத வெளுப்பு.
படியில் இறங்கும் செருப்புச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து
"அவியளுக்கென்ன, லேசாக் கெடச்சுரும்" என்றார்.
பையன் நூற்று நாற்பத்திரண்டு.
அவன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை,
அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு
குரலைத் தணித்துக் கேட்டார்:
"மேனேஜ்மென்ட்ல பேசோணும்னா
யாரப் பாக்கோணும் தம்பி?"

தெரியாதுங்க என்றேன்.

இரண்டாவது மாடி. இடது பக்கம் கடைசி அறை.
பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும்,
காசு எண்ணி முடியும்வரை
பையன் உட்கார.